ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்கும் கம்பெனி, குரூப் 4 எழுதச் சொல்லும் மாமா

முக்கூடலில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறான். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தவன். அம்மா பீடி சுற்றுகிறார், அப்பாவுக்கு டவுனில் பாத்திரக் கடையில் வேலை, அக்கா கல்யாணக் கடன் இன்னும் அடையவில்லை. “அண்ணாச்சி, சென்னைக் கம்பெனி ஒன்றில் வருஷம் 2,40,000 ரூபாய்க்கு ஆஃபர் வந்திருக்கு. 2 வருஷ பாண்ட், நடுவில் விட்டால் ஒன்றரை லட்சம் கட்டணுமாம், அப்பாவும் ஜாமீன் கையெழுத்துப் போடணுமாம், பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி ஒரிஜினல் எல்லாத்தையும் சேரும் அன்னைக்கே ஒப்படைக்கணுமாம். மாமாவோ ஒரு வருஷம் வீட்டில் இருந்து குரூப் 4 படி என்கிறார். நான் என்ன செய்ய?”

தம்பி, வேலைக்கும் போ, குரூப் 4உம் எழுது. ஒரிஜினலை மட்டும் யார் கையிலும் கொடுத்துவிடாதே. கொடுத்தால்தான் வேலை என்று அவர்கள் ஒற்றைக் காலில் நின்றால் அந்த வேலையை விட்டுவிடு.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) வைக்கும் குரூப் 4 தேர்வு எப்படி நடக்கிறது என்று பார். 2024இல் அறிவிப்பு ஜனவரியில் வந்தது, தேர்வு ஜூன் 9, முடிவு வந்தது அக்டோபர் கடைசியில், சான்றிதழ் சரிபார்ப்பும் கலந்தாய்வும் அதற்கப்புறம்தான். ஆக, முதல் தடவையிலேயே ஜெயித்தாலும் ஆர்டர் கைக்கு வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும், அந்த ஒரு வருஷமும் வட்டி கட்டப் போவது உங்க அப்பா. சரி, வேலை பார்த்துக்கொண்டே எழுதித் தேறிவிட்டாய் என்றே வைத்துக்கொள்வோம், சரிபார்ப்புக்குக் கூப்பிடும்போது உன் மார்க்ஷீட் கம்பெனி பீரோவுக்குள் கிடந்தால் யாரைப் போய்க் கேட்பாய்? சான்றிதழ் ஒன்றும் அடகுப் பொருள் இல்லை என்று, கல்லூரிகள் பிடித்துவைத்த வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் நீ கேஸ் போட்டு வாங்கி வருவதற்குள் கலந்தாய்வு முடிந்து அடுத்த அறிவிப்பே வந்துவிடும். தொலைந்துவிட்டது என்று போலீஸில் ஒரு புகார் கொடுத்து நகல் வாங்கிக்கலாம் என்று ஒருத்தன் ஐடியா கொடுப்பான், பொய்ப் புகார் அது, அந்தப் பக்கமே போகாதே.

அதனால் இன்றைக்கே எச்.ஆருக்கு ஒரு மெயில் போடு: ஒரிஜினலைச் சேரும் அன்று நேரில் காட்டுகிறேன், சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுங்கள், பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்ஷீட் வேண்டுமானால் அரசின் டிஜிலாக்கர் ஆப்பிலும் பார்த்துக்கொள்ளலாம் என்று. போனில் பேசாதே, எழுத்தில் கேள், பதிலும் எழுத்தில் வரட்டும். ஒழுங்கான கம்பெனி இதற்குச் சம்மதிக்கும்.

பாண்டுக்கு வருவோம். ‘அதெல்லாம் கோர்ட்டில் நிக்காதுலே, கையெழுத்தைப் போட்டுட்டுப் போ’ என்று சீனியர்கள் சொல்வதை நம்பாதே. 3 வருஷத்துக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்றுதான் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது பொதுத்துறை வங்கி, தேர்வு வைத்து, செலவு செய்து ஆள் எடுக்கிற இடம் என்பதையும் கணக்கில் எடுத்துத்தான் சொன்னது. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 74ஆவது பிரிவுப்படி, எழுதியிருக்கும் தொகைதான் உச்சவரம்பு, அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் கேட்க முடியும். பத்து நாள் பயிற்சி கொடுத்துவிட்டு ஒன்றரை லட்சத்தையும் முழுசாகக் கறப்பது அவர்களுக்கும் லேசு இல்லை. ஆனாலும் வேலையிலிருந்து விடுவித்தோம் என்று தரவேண்டிய ரிலீவிங் லெட்டரைத் தராமல் இழுத்தடிப்பார்கள், அந்தத் தலைவலி நிஜம். தொகையைக் குறைக்கவும், அப்பா ஜாமீனை எடுத்துவிடவும் கேட்டுப் பார். தொகை எழுதாத செக்கில் கையெழுத்துக் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடு, செக் திரும்பினால் அது கிரிமினல் கேஸ்.

சம்பளக் கணக்கையும் போட்டுப் பார்த்தாயா? மாசம் 20,000 என்று காகிதத்தில் இருக்கும். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 10,000 என்று வைத்தால், கம்பெனி உனக்காகக் கட்டும் பி.எஃப். 1,200, கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை 481, இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்குக் கம்பெனி பங்கு ஐந்நூற்றுச் சொச்சம், எல்லாம் அந்த 20,000க்குள்ளேயே அடக்கம். உன் பங்கு பி.எஃப். இன்னொரு 1,200, இ.எஸ்.ஐ.க்கு நூற்றுச் சொச்சம். கைக்கு வருவது 16,000 சொச்சம்தான், ‘வேரியபிள் பே’, அதாவது வேலையைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துத் தரும் தொகை, என்று ஒரு வரி இருந்தால் அந்த 16,000கூட வராது. ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் போக வீட்டுக்கு நாலாயிரம், ஐயாயிரம் அனுப்பினாலே பெரிசு.

மாமா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளமே 19,500, அகவிலைப்படியோடு 30,000ஐத் தொடும். ஆனால் 2024இல் முதலில் அறிவித்த இடங்கள் 6,244, பிறகு கூட்டினார்கள், எழுதியவர்களோ 15 லட்சத்துக்கும் மேல். அதனால் மாமாவும் நீயும் வாதாடுவதை விட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வாணைய இணையதளத்திலிருந்து பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, கடிகாரத்தை வைத்து 3 மணி நேரம் எழுதிப் பார். 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 150க்கு 60 மார்க் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். என் கணிப்பில், இப்போதே 200 கேள்வியில் 150 சரியாக வந்தால் சில மாதம் வீட்டில் இருந்து படிப்பதற்கு அர்த்தம் உண்டு. 100க்குப் பக்கத்தில்தான் வருகிறது என்றால் வேலைக்குப் போய்க்கொண்டே ஆறிலிருந்து பத்து வரைக்கும் உள்ள பள்ளிப் புத்தகங்களை முடி, முதலில் தமிழ். கம்பெனி ஒத்துவராமல் ஊரிலேயே இருக்கும்படி ஆனால், கோச்சிங் சென்டரில் ஆயிரக்கணக்கில் கொட்டுவதற்கு முன் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்துக்குப் போ, அங்கே பயிற்சி இலவசம், தனியார் வேலைவாய்ப்பு முகாம் எப்போது என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் எந்த மீடியம் என்று நீ எழுதவில்லை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. உன் டிகிரி இங்கிலீஷ் மீடியமாக இருந்தாலும் பரவாயில்லை, குரூப் 4க்குத் தகுதி பத்தாவதுதான், ஒன்றாம் வகுப்பிலிருந்து அதுவரைக்கும் தமிழ்வழி என்றால் போதும். நீ படித்த ஒவ்வொரு பள்ளியிலும் ஹெட்மாஸ்டரிடம் தேர்வாணையப் படிவத்திலேயே, தமிழ்வழியில் படித்ததற்கான சான்றை வாங்க வேண்டும். சென்னைக்கு ரயில் ஏறுவதற்கு முன்னாடியே வாங்கிவிடு. அறிவிப்பு வந்த பிறகு போனால் ஊரே அங்கேதான் நிற்கும்.