'வுட் மஸ்ட்' ஏன் வராது?

'இஃப் ஐ மிஸ்ட் த டிரெயின், ஐ வுட் மஸ்ட் டேக் எ பஸ்' என்று நீங்கள் எழுதியதில் நினைப்பு சரி, 'மஸ்ட்' மட்டும்தான் இடிக்கிறது. வுட், மஸ்ட் இரண்டும் ஒரே வகைத் துணைவினைகள் (முக்கிய வினைக்கு முன்னால் வந்து அதன் பொருளை மாற்றும் சொற்கள்). பொது ஆங்கிலத்தில் அடுத்தடுத்து வராது. (அமெரிக்கத் தென்பகுதிப் பேச்சில் 'மைட் குட்' (might could) என்று சிலர் அடுக்குவார்கள், அதைத் தேர்வில் எழுதிவிடாதீர்கள்!) அதனால் 'ஐ வுட் ஹேவ் டு டேக் எ பஸ்': பஸ்ஸில் போக வேண்டியிருக்கும். பேச்சில் 'ஐட் ஹாஃப்டு' என்றுதான் காதில் விழும்.

நடக்காமல் போன பழைய கதைக்கு 'வுட் ஹேவ் ஹேட் டு': போக வேண்டியிருந்திருக்கும். இதை 'ஷுட் ஹேவ்' உடன் குழப்பாதீர்கள். அது 'போயிருக்க வேண்டும், போகவில்லையே' என்ற வருத்தம். அப்புறம், 'வுடன்ட் ஹேவ் டு' என்றால் போகத் தேவையிருக்காது. போகக்கூடாது என்று பொருளில்லை.