கொக்கிப்புழுவுக்கு பிசிஆர் தேவையா?

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை இருப்பதாக வந்தது. பூச்சி மருந்து கொடுத்துவிட்டோம். பிசிஆர் என்ற டிஎன்ஏ சோதனை செய்தால் எந்த வகைப் புழு என்று தெரியும் என்கிறார் லேப்காரர். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. செய்யலாமா டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆனால் லேப்காரர் சொன்னதில் தப்பில்லை. நாய்க்கு வரும் கொக்கிப்புழுக்களில் ஆன்கைலோஸ்டோமா கேனினம், பிரேசிலியென்ஸ், சிலானிகம் என்று பல இனங்கள் உண்டு, மைக்ரோஸ்கோப்பில் முட்டையைப் பார்த்தால் எல்லாமே மெல்லிய ஓடும் உள்ளே சில செல்களுமாக ஒரே மாதிரிதான் தெரியும். வளர்ந்த புழு கிடைத்தால் பல்லை எண்ணியே சொல்லிவிடலாம் (கேனினத்துக்கு மூன்று ஜோடி), உயிரோடு ஓடியாடும் நாயிடம் அதற்கு எங்கே போவது? அதனால்தான் முட்டையின் டிஎன்ஏவில் இனத்துக்கு இனம் மாறுகிற ஐடிஎஸ் என்ற துண்டைப் பிசிஆரில் பெருக்கிப் பார்க்கிறார்கள்.

பிரேசிலியென்ஸின் இளம்புழு நம் தோலில் புகுந்தால் வளைந்து வளைந்து கோடாக அரிக்கும், பெரும்பாலும் அதோடு சரி. சிலானிகம் அப்படியில்லை, மனிதக் குடலிலும் வளர்ந்து ரத்தம் குடித்து முட்டையிடும். 1911ல் இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றிலிருந்து விவரிக்கப்பட்ட இதை வெகுகாலம் பிரேசிலியென்ஸோடு சேர்த்தே எண்ணினார்கள், தென்கிழக்காசிய மக்களிடம் இது எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதே டிஎன்ஏ சோதனை வந்தபிறகுதான் தெரிந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். எந்த இனமாக இருந்தாலும் நாய்க்குக் கொடுக்கும் மருந்து ஒன்றுதான். இரண்டு மூன்று வாரத்தில் மருத்துவரிடம் கேட்டு இன்னொரு டோஸ் கொடுங்கள், திசுக்களில் பதுங்கிய இளம்புழு மறுபடி குடலுக்கு வரும். கழிவைத் தினமும் அள்ளுங்கள், ஈரமண்ணில் முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரித்து, இளம்புழு ஒரு வாரத்துக்குள் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். குழந்தையின் தோலில் கோடு தெரிந்தாலோ, வெளிறிப்போனாலோ குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இத்தனைக்கும் பிறகு முட்டை தொடர்ந்து வந்தால் அப்போது பிசிஆருக்குப் பணம் கட்டலாம். அமெரிக்காவில் மருந்துக்கு மசியாத கேனினம் பரவியிருக்கிறது, ஃபென்பெண்டசோல் என்ற பூச்சி மருந்துக்கு அடங்காமல் செய்யும் மரபணு மாற்றத்தையும் பிசிஆரில் பார்க்க முடியும். சாம்பிளை ஃபார்மலினில் மட்டும் போட்டுவிடாதீர்கள், டிஎன்ஏ கெட்டுவிடும். புதிதாக எடுத்து ஐஸ் வைத்துக் கொடுத்தால் போதும்.