கேள்வி–பதில்: வெளியூர் ரசிகராக நான்-லீக் மைதானத்துக்கு

கேள்வி: ஏழாம் நிலைக் கால்பந்து அணி ஒன்றின் ஆதரவாளர்களான நண்பர்களோடு லூயிஸ் ஊருக்கு ஆட்டம் பார்க்கப் போகிறேன். எதிரணி ரசிகர்களுக்குத் தனி இடம் உண்டா? வம்பு வருமா?
— வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்

இங்கிலாந்தில் முதல் நிலையான பிரீமியர் லீகையும் அதற்கு அடுத்த மூன்று டிவிஷன்களையும் சேர்த்தால் 92 கிளப்கள். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நான்-லீக். ஏழாம் நிலையில் பல மைதானங்களுக்கு வருவதே சில நூறு பேர்தான் என்பதால் பெரும்பாலும் தடுப்புவேலி போடுவதில்லை. வாசல், டீக்கடை, பார் எல்லாம் இரு தரப்புக்கும் பொது. உங்கள் அணியின் ஸ்கார்ஃபைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். பரம வைரிகள் மோதும் ஆட்டத்துக்கும், பெருங்கூட்டம் வரும் கோப்பை ஆட்டத்துக்கும் பிரித்து நிறுத்துவதுண்டு. அதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள்.

வழக்கம் இதுதான்: உங்கள் அணி எந்த கோலை நோக்கி ஆடுகிறதோ, அதன் பின்னால் போய் நில்லுங்கள். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது ரசிகர்களும் மைதானத்தைச் சுற்றி எதிர்முனைக்கு நடப்பார்கள். களத்தைச் சுற்றியுள்ள கம்பியில் கொடி கட்டியிருந்தால் அவிழ்த்து எடுத்துப் போய் அங்கே கட்ட வேண்டும். விளம்பரப் பலகையை மறைத்துக் கட்டினால் கிளப்காரர்கள் கழற்றச் சொல்வார்கள். டாஸ் வென்ற கேப்டன் பக்கத்தை மாற்றிக் கேட்டால், ஆட்டம் தொடங்கும் முன்பே மொத்தக் கூட்டமும் இடம் மாறும். புதிதாக வருபவர்கள் குழம்பி நிற்பது அப்போதுதான்.

கம்பி இடுப்பளவுதான். வீரர்கள் பயிற்சி எடுக்கும்போது கோலுக்குப் பின்னால் கையில் சூடான டீயோடு நிற்காதீர்கள். குறி தப்பும் பந்துகள் நேராக அங்கேதான் வரும்.

பீர் விஷயத்தில் நிலை முக்கியம். 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்தாம் நிலை வரை களம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்தக் கூடாது. ஆறாம் நிலையிலிருந்து கீழே லீக் ஆட்டங்களுக்கு அந்தத் தடை இல்லை. பிளாஸ்டிக் கோப்பையில் வாங்கி வந்து களத்தோரம் நிற்கலாம், கிளப் அனுமதித்தால்.

லூயிஸ் மைதானத்தின் பெயர் டிரிப்பிங் பேன். ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். களம் பள்ளத்தில் இருக்கிறது, சுற்றிலும் கரை. வெளியூர் ரசிகருக்கு இதைவிடச் சௌகரியமான மைதானம் குறைவு. மாலை 7.45 ஆட்டம் என்றால் முடிய 9.40 ஆகிவிடும், கடைசி ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: இரண்டு முறை மைதானம் வரை போய், ஆட்டம் ரத்து என்று திரும்பினோம். முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?
— வாசகி, லெஸ்டர்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தத் தொல்லை சகஜம். சிறிய கிளப்களில் மண்ணைச் சூடாக்கும் குழாயும் இல்லை, நல்ல வடிகாலும் இல்லை. மழை என்றால் கோல்முகத்தில் தண்ணீர் தேங்கும். உறைபனி என்றால் ஸ்டாண்டின் நிழல் விழும் பட்டை மட்டும் மதியம் வரை இளகாது. அந்தப் பட்டைக்காகவே ஆட்டம் போய்விடும்.

சந்தேகம் இருந்தால் அருகில் வசிக்கும் நடுவர் ஒருவரைக் காலையிலேயே அழைத்துக் களத்தைப் பார்க்கச் சொல்வார்கள். முடிவு உடனே உள்ளூர் கிளப்பின் சமூக வலைதளப் பக்கத்தில் வரும். உங்கள் கிளப்பின் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தாமதமாகத்தான் தெரியும். காலையில் சரி என்று சொன்ன களத்தையும் ஆட்ட நடுவர் வந்து மறுக்கலாம். ஆகவே குளிர்காலத்தில் மலிவான அட்வான்ஸ் ரயில் டிக்கெட் வாங்காதீர்கள். ஆட்டம் ரத்தானால் பணம் திரும்பாது.

செயற்கைப் புல் களம் உள்ள ஊர்களில் இந்தக் கவலை மிகக் குறைவு. நான்-லீகில் அதற்கு அனுமதி உண்டு, அதற்கு மேலே இல்லை. 2021-இல் நான்காம் நிலைக்கு உயர்ந்த சட்டன் யுனைடெட், செயற்கைப் புல்லைப் பெயர்த்தெடுத்துவிட்டு இயற்கைப் புல் போட வேண்டியிருந்தது.

கேள்வி: சைவம் சாப்பிடுபவருக்கு அங்கே என்ன கிடைக்கும்?
— வாசகர், கோவை (மகன் பிரிஸ்டலில் படிக்கிறார்)

ஃபிங்கர் சிப்ஸ், அதன் மேல் சீஸ் தூவியது, டீ. பல இடங்களில் அவ்வளவுதான். எந்த எண்ணெயில் பொரித்தார்கள் என்று கேட்டுவிடச் சொல்லுங்கள். சில கடைகளில் மாட்டுக்கொழுப்பில் பொரிப்பார்கள். குளிருக்கு எல்லோரும் கோப்பை கோப்பையாகக் குடிக்கும் போவ்ரில் மாட்டிறைச்சிச் சாறு. பார்க்கக் கடுங்காப்பி மாதிரியே இருக்கும், எச்சரிக்கை. பிரிஸ்டலிலிருந்து எட்டும் தொலைவில் நெய்ல்ஸ்வொர்த் ஊரின் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் மைதானத்தில் 2015 முதல் பால்பொருள்கூட இல்லாத முழுத் தாவர உணவுதான். அருகிலுள்ள ரயில் நிலையம் ஸ்ட்ரௌட். அங்கிருந்து பேருந்தோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும்.

கேள்வி: உலகின் மிகப் பழைய மைதானம் நான்-லீகில்தான் இருக்கிறதாமே?
— வாசகர், ஷெஃபீல்ட்

உங்கள் ஊரிலேயே, கிராஸ்பூல் பகுதியில். ஹாலம் கிளப்பின் சாண்டிகேட். 1860 டிசம்பர் 26 அன்று அங்கே ஹாலமும் ஷெஃபீல்ட் கிளப்பும் மோதின. களம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சாய்வானது. எந்த அணி எந்தப் பாதியில் இறக்கத்தில் ஆடுகிறது என்று கவனித்துப் பாருங்கள்.