டெபியன் 11-ஐ 12-உடன் ஒப்பிட வேண்டாம்

கேள்வி: எங்களிடம் லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 11, 12 இரண்டும் ஓடும் சர்வர்கள் இருக்கின்றன. நிறுவியிருக்கும் பேக்கேஜ்களின் பதிப்பு எண்களை ஒப்பிட ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். 11-இல் இருப்பதெல்லாம் பழசு என்று நூற்றுக்கணக்கான வரிகளைக் கொட்டுகிறது. எந்தப் பாதுகாப்பு அப்டேட் விடுபட்டிருக்கிறது என்று மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒரு வெளியீட்டின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள். டெபியன் நிலையான வெளியீட்டுக்குள் புதிய பதிப்பைக் கொண்டுவருவது குறைவு. திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் சேர்ப்பார்கள். முன்பக்க எண் அப்படியே நிற்கும், வால் மட்டும் மாறும்.

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் 2024 ஜூலை 1 அன்று வெளியே வந்த ஓட்டையைப் பாருங்கள். அதன் சிவிஇ எண், அதாவது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண், சிவிஇ-2024-6387. ஓப்பன்எஸ்எஸ்எச் குழு அதை 9.8-இல் அடைத்தது. டெபியன் 12-இல் இருந்ததோ 9.2. அதற்கான திருத்தம் 1:9.2பி1-2+டெப்12யு3 என்று வந்தது. கடைசி இலக்கம் 2 என்றால் ஆபத்து, 3 என்றால் சரி. டெபியன் 11-இன் 8.4-க்குப் பாதிப்பே இல்லை, ஏனென்றால் அந்தத் தவறு 8.5-இல்தான் திரும்ப நுழைந்தது. உங்கள் ஸ்கிரிப்ட் அன்று ஓடியிருந்தால், பத்திரமாக இருந்த 11-ஐக் குறைசொல்லி, திறந்து கிடந்த 12-ஐ விட்டிருக்கும். இதனால்தான் சிவிஇ எண்ணை அச்சாக வைக்கச் சொல்கிறேன்.

அதற்கான தரவு டெபியன் செக்யூரிட்டி டிராக்கரில் ஜேசன் கோப்பாகவே கிடைக்கிறது. பேக்கேஜ், அதன் கீழ் சிவிஇ, அதன் கீழ் புல்ஸ்ஐ (11-இன் பெயர்), புக்வார்ம் (12-இன் பெயர்) என ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நிலையும் திருத்திய பதிப்பும் இருக்கும். கோப்பு பெரியது, ஒருமுறை இறக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். திருத்திய பதிப்பு 0 என்றிருந்தால் அந்த வெளியீட்டுக்குப் பாதிப்பில்லை என்று பொருள். இன்னும் திருத்தமே வராதவற்றைத் தனி நிரலில் போடுங்கள். அவற்றை நாம் தவறவிட்டவற்றோடு கலந்தால், எந்த அப்டேட்டாலும் தீராத வரிகளை விரட்டியே நாள் போய்விடும்.

டிராக்கரில் இருப்பவை மூலப் பேக்கேஜின் பெயர்கள், அதாவது நிறுவும் பேக்கேஜ்கள் எந்த மூல நிரலிலிருந்து உருவாகின்றனவோ அதன் பெயர்கள். 11-இல் லிப்எஸ்எஸ்எல்1.1, 12-இல் லிப்எஸ்எஸ்எல்3, இரண்டுக்கும் மூலம் ஓப்பன்எஸ்எஸ்எல். நிறுவிய பேக்கேஜ்களின் விவரம் தரும் டிபிகேஜி-க்வெரி கட்டளையிடம் மூலத்தின் பெயர், பதிப்பு இரண்டையுமே கேட்டு வாங்குங்கள்.

பதிப்பு எண்ணைச் சாதாரணச் சரமாக ஒப்பிட்டால் 1.10, 1.9-ஐவிடச் சிறியதாகிவிடும். சார்ட் கட்டளையின் பதிப்பு வரிசையும் போதாது. முக்காற்புள்ளிக்கு (:) முன்னால் வரும், மற்ற எல்லா இலக்கங்களுக்கும் முன்பாகப் பார்க்கப்படும் எபக் எண்ணை அது அறியாது. டெபியன் விதிப்படி 1:1.0 என்பது 2.0-ஐவிடப் பெரியது. டில்டே (~) குறி வந்தால் நேர் எதிர்: 2.0~1 என்பது 2.0-க்கு முந்தையது. இந்த விதிகளை நீங்களே எழுத முயல வேண்டாம், டிபிகேஜியின் ஒப்பீட்டு வசதி இருக்கிறது. ஆயிரக்கணக்கான வரிகளுக்கு அது மெதுவாக ஓடும், அப்போது பைத்தானில் ஆப்ட் தொகுதியைப் பயன்படுத்துங்கள்.

இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு மட்டும் தனிக் கவனம் தேவை. பழைய கர்னல் பேக்கேஜ்களும் நிறுவியபடியே கிடக்கும், ஸ்கிரிப்ட் அவற்றுக்கும் எச்சரிக்கை தரும். மறுபக்கம், புதியது நிறுவியிருந்தும் ரீபூட் செய்யாததால் பழையதே ஓடிக்கொண்டிருக்கலாம். ஓடும் கர்னலின் பதிப்பை யூநேம் கட்டளை மூலம் எடுத்து அதை மட்டும் சோதியுங்கள். மற்ற நூலகங்களுக்கு, அப்டேட் முடிந்ததும் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவியை ஓட்டிப் பாருங்கள். பழைய லிப்எஸ்எஸ்எல்-ஐ நினைவகத்தில் பிடித்துக்கொண்டிருக்கும் சர்வீஸ்களை அது காட்டிவிடும்.