‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குப் பின் ‘அபௌட்’ வருமா?

ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்புப் பிரிவில் பணிபுரியும் வாசகி, விருந்தினர்களுக்குத் தாம் எழுதும் ஆங்கில மின்னஞ்சல்களில் ‘டிஸ்கஸ் அபௌட்’, ‘ரீச் டு ஏற்காடு’ போன்றவற்றை மேலாளர் அடித்துத் திருத்துவதாகவும், எந்த வினைக்குப் பின் எந்த முன்னிடைச்சொல் (‘டு’, ‘அபௌட்’ போன்ற ‘ப்ரெபொசிஷன்’) வரும் என்பதற்கு விதி உண்டா என்றும் கேட்டிருக்கிறார்.

திருத்தங்கள் சரியானவையே. எல்லா வினைகளுக்கும் பொருந்தும் ஒரே விதி இல்லையென்றாலும், பிழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துவிடலாம். ‘ஓடு’, ‘கு’ முதலிய வேற்றுமை உருபுகளையும் ‘பற்றி’ என்ற சொல்லையும் பெயருக்குப் பின் வைத்தே பழகிய நம் மனம், ஆங்கிலத்திலும் அவற்றுக்கு ஈடு தேடுகிறது. ‘வாடகையைப் பற்றி விவாதித்தோம்’ என்று நினைப்பதால் ‘அபௌட்’ வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குள்ளேயே அந்தப் ‘பற்றி’ அடங்கியிருக்கிறது. ‘மேரி வித்’ என்ற பிழையும் ‘அவரோடு திருமணம்’ என்னும் எண்ணத்திலிருந்து பிறப்பதே. அறைக்குள் நுழைவதைக் குறிக்கும் ‘என்டர்’, கூட்டத்தில் கலந்துகொள்வதைக் குறிக்கும் ‘அட்டெண்ட்’ ஆகியவையும் பெயரை நேரடியாகவே ஏற்பவை.

நம்மவர்களை மிகவும் தடுமாறச் செய்வது ‘கு’ உருபு. ‘எனக்குச் சொன்னார்’, ‘எனக்கு விளக்கினார்’ என இரண்டிலும் நமக்கு ஒரே உருபுதான். ஆங்கிலத்திலோ ‘டோல்ட் மீ’ என்பதில் ‘டு’ கூடாது, ‘செட் டு மீ’, ‘எக்ஸ்பிளெய்ன்ட் டு மீ’ என்பவற்றில் ‘டு’ கட்டாயம்.

படித்தவர்களும் கவனிக்காத இன்னொன்று, ஒரே சொல் பெயராகும்போது முன்னிடைச்சொல்லைக் கேட்பதாகும். கூடுதல் படுக்கை வேண்டிய விருந்தினரைக் குறிப்பிடும்போது ‘ரெக்வெஸ்டெட் அன் எக்ஸ்ட்ரா பெட்’ என்றும், அவருடைய கோரிக்கையைக் குறிப்பிடும்போது ‘யுவர் ரெக்வெஸ்ட் ஃபார் அன் எக்ஸ்ட்ரா பெட்’ என்றும் எழுத வேண்டும். ‘டிஸ்கஷன்’ என்ற பெயருக்குப் பின் ‘அபௌட்’ தாராளமாக வரலாம்.

பட்டியலை மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. ‘வெயிட் ஃபார் தி பஸ்’, ‘டிபெண்ட் ஆன் தி ரெயின்’ என்று, அன்றாடம் நீங்கள் சொல்லக்கூடிய சிறு வாக்கியமாக, வினையையும் முன்னிடைச்சொல்லையும் பிரிக்காமல் குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். அகராதியைப் புரட்டும்போதும் பொருளோடு நிறுத்தாமல் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படியுங்கள்.

விருந்தினர் வருகையைப் பற்றி எழுதும்போது ‘வென் யூ ரீச் ஏற்காடு’ என்பது போதும். ‘அரைவ்’ என்ற வினையை விரும்பினால், ஊருக்கு ‘இன்’, நிலையம் போன்ற குறிப்பிட்ட இடத்துக்கு ‘அட்’ சேர்த்து, ‘அரைவ் இன் ஏற்காடு’ என்றும் ‘அரைவ் அட் சேலம் ஜங்ஷன்’ என்றும் எழுதுங்கள். அங்கும் ‘டு’ வராது.