உங்கள் மகள் கப்பல் ஏற வேண்டியதில்லை

கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் தெரிகின்றன. பிளஸ் டூ படிக்கும் மகள், மூழ்கிய கப்பலால் கடலுக்கு என்ன கேடு வரும் என்று கணிக்கிற வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். அப்படி ஒரு வேலை உண்டா என்பது முதல் பயம். உண்டென்றால் பெண்பிள்ளை மாதக்கணக்கில் நடுக்கடலில் கிடக்க வேண்டுமா என்பது இரண்டாவது. வேலை உண்டு, ஆனால் இடங்கள் குறைவு. நடுக்கடலில் கிடக்க வேண்டியதில்லை. கப்பல் ஓட்டுவது ஒரு தொழில், கப்பலால் வரும் கேட்டை அளப்பது இன்னொரு தொழில். உங்கள் உறவினர் "மெர்ச்சன்ட் நேவியா, வேண்டவே வேண்டாம்" என்று சொன்னது முதல் தொழிலைப் பற்றி. உங்கள் மகள் கேட்பது இரண்டாவதை.

அது என்ன வேலை என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கன்டெய்னர் கப்பல் மூழ்கியது. அதில் 600க்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள். அவற்றில் 12இல் கால்சியம் கார்பைட். மாம்பழம் பழுக்க வைக்கக் கூடாது என்று நம் ஊர் மண்டிகளில் சோதனை போடுகிறார்களே, அதே கார்பைட் கல்தான். தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வாயு கிளம்பும், தீப்பொறி பட்டால் எரியும். கப்பலின் தொட்டிகளில் சுமார் 84 டன் டீசலும், ஃபர்னஸ் ஆயில் எனப்படும் கெட்டியான எரிஎண்ணெய் 367 டன்னும் இருந்தன.

இந்தத் தகவல் கைக்கு வந்ததும் கணிப்பவர்களின் வேலை தொடங்குகிறது. டீசல் கசிந்தால் பெரும்பகுதி சில நாட்களில் ஆவியாகிக் கரைந்துவிடும். அதைவிடக் கவலை தருவது ஃபர்னஸ் ஆயில். அது ஆவியாகாது, கரையில் ஒட்டினால் போகாது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது கரைக்கு வந்த எண்ணெய்ச் சேற்றை மீனவர்களும் மாணவர்களும் வாளியில் அள்ளியதை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அடுத்த கேள்வி, கசிந்தது எந்தப் பக்கம் போகும் என்பது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேற்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கிப் போகும். எல்சாவில் இருந்த பிளாஸ்டிக் குருணை சில நாட்களில் திருவனந்தபுரம் கரையிலும், பிறகு கன்னியாகுமரி கரையிலும் ஒதுங்கியதற்கு அதுவே காரணம். அதே கப்பல் ஜனவரியில் மூழ்கியிருந்தால் கணக்கே மாறியிருக்கும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் இப்படிப்பட்ட நகர்வைக் கணினியில் கணித்துக் கடலோரக் காவல்படைக்குச் சொல்கிறது. அங்கே உட்கார்ந்து வேலை செய்பவர்களின் காலில் கடல்நீர் படுவது அபூர்வம்.

பிறகு பணக் கணக்கு வருகிறது. கேரள அரசு இந்த விபத்துக்காக உயர் நீதிமன்றத்தில் கேட்ட இழப்பீடு 9,531 கோடி ரூபாய். 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலுக்காக இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் 100 கோடி டாலர் தரச் சொன்னது. நீதிமன்றத்தில் இப்படி ஒரு தொகையைக் கேட்டால், ஒவ்வொரு ரூபாய்க்கும் யாரோ ஒருவர் நீரையும் மணலையும் மீனையும் அளந்து தாளில் எழுதியிருக்க வேண்டும். எதிர்த்தரப்பின் வல்லுநர் அந்தத் தாளைக் கிழித்துப் போடத்தான் முயல்வார். உங்கள் மகள் வாதம் செய்வதில் கெட்டிக்காரி என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே அது பயன்படும்.

புதிதாக மூழ்கும் கப்பல்களைவிடப் பழையவைதான் எனக்குச் சுவாரசியமாகத் தோன்றுகின்றன. எண்ணெய் கசியக்கூடிய பழைய கப்பல்கள் உலகக் கடல்களில் 8,500க்கும் மேல் கிடப்பதாக ஒரு மதிப்பீடு உண்டு. பெரும்பாலானவை இரண்டாம் உலகப்போர்க் காலத்தவை. அவற்றில் எவ்வளவு எண்ணெய் மிச்சமிருக்கும் என்று கேட்டால், 25 லட்சம் டன்னிலிருந்து 2 கோடி டன் வரை என்கிறார்கள். கீழ்க்கணக்குக்கும் மேல்கணக்குக்கும் இடையில் எட்டு மடங்கு வித்தியாசம்! அந்த இடைவெளியைக் குறைப்பதுதான் உங்கள் மகள் கேட்கும் வேலை.

எல்லாக் கப்பலுக்கும் ஆளை இறக்கிப் பார்க்க எந்த அரசிடமும் பணமில்லை. அதனால் முதலில் காகிதத்தில் சலிக்கிறார்கள். கப்பல் எந்தத் துறைமுகத்தில் எரிபொருள் நிரப்பியது, எத்தனை நாள் ஓடியபின் மூழ்கியது, குண்டு தாக்கியது எந்திர அறையையா தொட்டியையா, எவ்வளவு நேரம் எரிந்தது? மணிக்கணக்கில் எரிந்திருந்தால் எண்ணெய் குறைவு. இரண்டாக உடைந்திருந்தால் தொட்டிகள் பலவும் அன்றே காலியாகியிருக்கலாம். தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தால் ஆபத்து அதிகம், ஏனென்றால் காற்றுக் குழாய்கள் கீழ்நோக்கி இருக்க, மிதக்கப் பார்க்கும் எண்ணெய் அடித்தட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். தப்பித்தவர்களின் வாக்குமூலம், காப்பீட்டுக் கோப்பு, கட்டுமான வரைபடம் என்று எல்லாவற்றையும் படிக்க வேண்டும். அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாக அமைப்பு இப்படிச் சலித்து 2013இல் அறிக்கை வெளியிட்டது. சுமார் 20,000 கப்பல்கள் இருந்த பட்டியல் 87 ஆகச் சுருங்கி, அவற்றில் மேற்கொண்டு ஆராய வேண்டியவை 17 என்று முடிந்தது.

கசியும் வாய்ப்பு எவ்வளவு, கசிந்தால் சேதம் எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாக மதிப்பிட்ட பிறகே சேர்த்துப் பார்ப்பார்கள். இரும்புத் தகடு கடல்நீரில் ஆண்டுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் அரிக்கும் என்று வைத்துக்கொண்டால், எண்பது ஆண்டுக்கு முன் மூழ்கிய கப்பலின் தகடு இப்போது எந்த நிலையில் இருக்கும் என்பதை அவளே கணக்கிடட்டும். பக்கத்தில் மீன்பிடித் தளம் இருக்கிறதா, ஆமை முட்டையிடும் கரை இருக்கிறதா என்பது இன்னொரு கணக்கு. இரண்டும் சேர்ந்து பயமுறுத்தினால்தான் சோனார், நீருக்கடி ரோபோ, தகட்டின் தடிமனை அளக்கும் ஒலிக்கருவி எல்லாம் வரும். கடைசியில் தொட்டியில் துளையிட்டு, கெட்டியான எண்ணெயைச் சூடாக்கி பம்ப் வைத்து எடுப்பார்கள். பம்ப்பைப் பற்றிக் கோவைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேதியியலின் பங்கைச் சொல்ல ஒரே ஒரு கதை. கலிபோர்னியா கரையில் ஆண்டுக்கணக்கில் எண்ணெய் படிந்த பறவைகள் ஒதுங்கின. போகிற வருகிற கப்பல்கள்மேல் சந்தேகம் விழுந்தது. கடைசியில் இறகில் இருந்த எண்ணெயின் வேதியியல் கைரேகையைப் பொருத்திப் பார்த்தபோது, குற்றவாளி 1953இல் மூழ்கிய ஜேக்கப் லக்கன்பாக் என்ற சரக்குக் கப்பல் என்று 2002இல் தெரிந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு பிடிபட்டது! கண்டுபிடித்துக் கொடுத்தது ஆய்வகம்.

"கடலே இல்லாத ஊர்ப் பெண்ணுக்கு இது எப்படிச் சரிப்படும்" என்று கேட்டிருக்கிறீர்கள். ஐயா, நொய்யல் ஆறு ஓடும் மாவட்டத்தில் வாழ்பவர்களுக்கு மாசு மதிப்பீட்டைப் பற்றிக் கடற்கரைக்காரர் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. யாருடைய தோட்டம் எவ்வளவு கெட்டது என்று அளந்து விவசாயிகளுக்கு இழப்பீடு கணக்கிட்டார்கள். 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மூழ்கிய கப்பலிலும் கேள்விகள் இவைதான்: என்ன கலந்தது, எங்கே தேங்கியது, யார் தலையில் விடிந்தது, யார் பணம் கட்ட வேண்டும். டி.டி.எஸ். அளவு, அதாவது நீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் அளவு, என்றால் என்ன என்று திருப்பூரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். விடுமுறையில் அவள் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தைப் பார்த்துவிட்டு வரட்டும். ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி மையத்தில் பறவைகளின் உடலில் சேரும் நஞ்சை ஆராய்ந்திருக்கிறார்கள். லக்கன்பாக் கதைக்கும் அந்த ஆய்வுக்கும் தூரம் அதிகமில்லை.

இனி படிப்பு. பதினேழு வயதில் "கடல்" என்று பெயர் வைத்த படிப்பைத் தேடி ஓடாதீர்கள். என் கருத்தில் பி.எஸ்சி. வேதியியல், அல்லது பி.இ. சிவில், கெமிக்கல் இவற்றில் ஒன்றை ஈரோட்டிலோ கோவையிலோ நன்றாகப் படிப்பது போதும். பிடிக்காமல் போனால் வேறு பக்கம் திரும்பவும் வழி இருக்கும். அதோடு புள்ளியியல், கொஞ்சம் கணினி நிரல், வரைபட மென்பொருள் மூன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் நகர்வைக் கணிக்கும் ஜினோம் (GNOME) என்ற மென்பொருளை, மேலே சொன்ன அமெரிக்க அமைப்பு இலவசமாகவே தருகிறது. பொழுதுபோக்காகவே ஓட்டிப் பார்க்கலாம்.

கடல் முதுநிலைப் படிப்பில் வரட்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை, கொச்சி பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக மையம் ஆகியவை தெரிந்த இடங்கள். ஐ.ஐ.டி.களில் முதுநிலை சேர பி.எஸ்சி.க்குப் பின் ஜாம் தேர்வு, பி.இ.க்குப் பின் கேட் தேர்வு. கேட்டில் சுற்றுச்சூழல் அறிவியலுக்கே தனித்தாள் 2021 முதல் இருக்கிறது. விடுதி தூரம் என்று தயங்க வேண்டாம், ஈரோட்டிலிருந்து சென்னையைவிடக் கொச்சி பக்கம்.

வருமானத்தைப் பற்றி மழுப்ப மாட்டேன். சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், இன்காய்ஸ் போன்ற இடங்களில் பலரும் திட்ட ஒப்பந்தத்தில்தான் நுழைகிறார்கள். நெட் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். நிரந்தர வேலைக்கு முப்பது வயது நெருங்கலாம். தனியார் பக்கம் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள், துறைமுகங்கள், கப்பல் காப்பீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். மூழ்கிய கப்பலை அகற்றும் செலவு உரிமையாளருடையது என்று சொல்லும் நைரோபி உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்திருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றி 2025இல் புதிய வணிகக் கப்பல் சட்டமும் வந்துவிட்டது. பொறுப்பு சட்டமாக ஆக, அளப்பவர்களுக்கான தேவை கூடும் என்று நம்புகிறேன். உறுதி தர முடியாது. சீக்கிரம் சம்பாதித்தாக வேண்டும் என்ற நிலை வீட்டில் இருந்தால் கெமிக்கல் முடித்து முதலில் ஒரு சாய ஆலையிலோ சுத்திகரிப்பு நிலையத்திலோ சேரட்டும், அந்த அனுபவமும் வீண் போகாது.

ஓர் எச்சரிக்கை. "ஒரு வருட டிப்ளமோ, கப்பல் கம்பெனியில் வேலை நிச்சயம்" என்று நோட்டீஸ் கொடுப்பவர்களுக்கு முன்பணம் கட்டாதீர்கள். கப்பல் சார்ந்த பயிற்சிக்கு அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

கடிதத்தில் பத்தாம் வகுப்பு மொத்த மதிப்பெண்ணை எழுதியிருக்கிறீர்கள், அதை வைத்து நான் எதுவும் சொல்ல முடியாது. நேரில் வரும்போது வேதியியல், கணிதம் இரண்டின் அரையாண்டு விடைத்தாள்களையும் எடுத்து வாருங்கள். மகளையும் அழைத்து வாருங்கள், அவள் இல்லாமல் நாம் இருவர் மட்டும் பேசி எதையும் முடிவு செய்ய வேண்டாம்.