தோப்புக்கு வந்த 60 நாள் நோட்டீஸும் விமானி வேலைக்குப் போட்ட பாண்டும்

கேள்வி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊர். அப்பா தென்னந்தோப்பையும் வீட்டையும் அடமானம் வைத்து, 45 லட்சம் கல்விக்கடன் வாங்கி என்னை விமானிப் படிப்பு படிக்க வைத்தார். லைசென்ஸ் வாங்கிய பிறகும் ஒன்றரை வருடம் வேலை இல்லை. இப்போது பயிற்சித் துணை விமானியாகச் சேர்ந்திருக்கிறேன். கிடைக்கும் உதவித்தொகை தவணைக்கே காணாது. 5 வருடத்துக்குள் விலகினால் 20 லட்சம் தருவதாகப் பாண்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் வங்கியிலிருந்து 60 நாள் நோட்டீஸ் வந்தது. வேறு நிறுவனம் கூடுதல் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. தோப்பு போய்விடுமா? வேலை மாறலாமா?

பதில்: வேலை மாறுவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அவசரம் நோட்டீஸில்தான்.

வந்திருப்பது 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவு நோட்டீஸ். கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை, வழக்குப் போடாமலே வங்கி எடுக்க வழிசெய்யும் சட்டம் இது. அதன் கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம் இருக்கும். தோப்பின் சர்வே நம்பர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதே சட்டத்தின் 31(i) பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும்: விவசாய நிலத்தின் மீதான அடமானத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் ஆவணத்தில் ‘தோட்டம்’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. அங்கே உண்மையில் விவசாயம் நடக்கிறது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. வரி கட்டிய ரசீது, கிருஷி பவனில் (அரசு வேளாண் அலுவலகம்) மானியம் வாங்கிய காகிதம், தேங்காய் விற்ற சீட்டு, கள் இறக்க மரங்களைக் குத்தகைக்கு விட்டிருந்தால் அந்த ஒப்பந்தம் எல்லாவற்றையும் அப்பாவிடம் கேட்டு எடுத்து வையுங்கள். வில்லேஜ் ஆபீசில் சான்று கேட்கும் மனுவைத் தமிழிலேயே எழுதலாம். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது.

வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. தோப்பும் கடனிலிருந்து தப்பிவிட்டதாக நினைக்க வேண்டாம். வங்கி எர்ணாகுளம் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்க முடியும். அதனால் வங்கியிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

60 நாளுக்குள் நீங்களும் அப்பாவும் கையெழுத்திட்டு ஆட்சேபணையைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கிடைத்த 15 நாளில் வங்கி காரணத்தோடு பதில் தர வேண்டும். அதே கடிதத்தில் கடன் மறுசீரமைப்பும், அதாவது தவணையையும் காலத்தையும் மாற்றித் தரும்படியும், கேளுங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் திருப்பிச் செலுத்த 15 வருடம் வரை காலம் உண்டு. வேலை இல்லாத, சம்பளம் குறைந்த காலங்களுக்கு இடைவெளி தரவும் அதில் வழி இருக்கிறது. நியமனக் கடிதத்தை இணைத்து, பயிற்சி முடியும் வரை சிறிய தொகை, முழுச் சம்பளம் வந்த பிறகு பெரிய தவணை என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். இவ்வளவு கடன் சுமக்கும் பிள்ளைக்குத் தொடக்கத்தில் இவ்வளவு குறைவாகக் கொடுப்பது எனக்கு நியாயமாகவே படவில்லை. ஆனால் இந்தச் சம்பளம் பிறகு ஏறும் என்பதுதான் வங்கியை இணங்க வைக்கும் வாதம்.

மீறி வீட்டைக் கையகப்படுத்த வந்தால், அன்றிலிருந்து 45 நாளுக்குள் சர்ஃபாசி சட்டத்தின் 17-ஆம் பிரிவில் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

அப்புறம் பாண்டு. இது செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை நம்பி ராஜினாமா செய்துவிடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு பாண்டைச் செல்லும் என்றே சொன்னது. அதற்காக 20 லட்சத்தையும் அப்படியே கட்ட வேண்டும் என்றும் இல்லை. ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான். 20 லட்சம் என்பது உச்சவரம்பு. அதனால் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: டைப் ரேட்டிங் பயிற்சிக்கு (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டத் தகுதி தரும் பயிற்சி) பணம் கட்டியது யார்? நீங்களே கட்டியிருந்தால், நிறுவனம் உங்களுக்காக என்ன செலவு செய்தது என்று கணக்குக் கேட்கலாம். உங்கள் கைக்கு அதுதான் பலம்.

பாண்டு ஒருபுறம் இருக்க, துணை விமானி விலக 6 மாத நோட்டீஸ் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. புது நிறுவனம் அதுவரை காத்திருக்குமா, பாண்டுத் தொகையில் பங்கு ஏற்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு மட்டும் முடிவு செய்யுங்கள். ஆட்சேபணைக் கடிதத்தை இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள். அனுப்பும் முன் பாலக்காட்டில் தீர்ப்பாய வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.